'புண்பட்டிருந்தால்' என்ற சொல் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசியலில் உயர்ந்த இடத்தில் இருக்கும் ஒருவர் மீது பாலியல் புகார் எழுந்தால், மறுநாள் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களிலும் "குற்றச்சாட்டுக்கு மறுப்பு" என்றோ "அரசியல் சதி என விளக்கம்" என்றோ ஒரு தலைப்பு வந்துவிடுகிறது. அந்த மறுப்பு எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது, எதைத் தொடாமலேயே விட்டது என்று எழுதுவாரைக் காணவில்லை. பணியிடப் புகார்க் குழு ஒன்றில் வெளி உறுப்பினராக ஆறு ஆண்டுகள் இருந்து, இத்தகைய பதில் கடிதங்களை வரி வரியாகப் படித்தவள் என்ற முறையில், இது பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

என் கைக்கு வந்த பதில்கள் பலவற்றிலும் ஏறத்தாழ ஒரே வாக்கியம் இருக்கும்: "என் பேச்சாலோ செயலாலோ யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்." முதல்முறை படிக்கும்போது பணிவாகத்தான் தோன்றும். ஆனால், 'புண்பட்டிருந்தால்' என்பதில் ஒட்டியிருக்கும் அந்த 'ஆல்', நடந்ததையே நடந்திருக்கக்கூடியதாக மாற்றிவிடுகிறது. பெயரும் தேதியும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த பெண், 'யாருடைய' என்ற சொல்லில் முகம் இழந்துபோகிறாள். 'மனம்' என்ற சொல்லோ, ஒருவருடைய கை செய்த காரியத்தை மற்றவருடைய உணர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயமாக ஆக்கிவிடுகிறது. செய்தேன் என்றும் இல்லை, செய்யவில்லை என்றும் இல்லை. எங்கள் குழுவின் தலைவர் ஒருமுறை அந்த வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடிட்டு, "அப்படியானால் புகாரின் மூன்றாம் பத்திக்குப் பதில் என்ன?" என்று மட்டும் கேட்டார். எதிரே இருந்தவர் வெகுநேரம் பேசவில்லை.

இதே வாக்கியத்தின் ஆங்கில வடிவத்தை 2021 பிப்ரவரி 28 அன்று நியூயார்க் மாநில ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ வெளியிட்ட அறிக்கையில் கண்டேன். தான் சொன்ன சில விஷயங்கள் விரும்பத்தகாத சரசமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டன என்றும், யாரேனும் அப்படி உணர்ந்திருந்தால் அந்த அளவுக்கு வருந்துவதாகவும் அதில் சொல்லியிருந்தார். நாடு வேறு, மொழி வேறு. 'ஆல்' மட்டும் அதே இடத்தில் இருந்தது.

கியூமோவின் விவகாரத்தை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே பதில் எப்படித் தயாரானது என்பதே விசாரணையில் வெளிவந்தது. மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டீஷியா ஜேம்ஸ் அமர்த்திய விசாரணையாளர்கள் 179 பேரிடம் விசாரித்து, 165 பக்க அறிக்கையை 2021 ஆகஸ்ட் 3 அன்று வெளியிட்டனர். அவர் 11 பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்பது அதன் முடிவு. அன்றைக்கே கியூமோ முன்கூட்டிப் பதிவு செய்த ஒரு காணொளியை வெளியிட்டார். முகங்களைக் கையில் ஏந்தி அவர் முத்தமிடும் புகைப்படங்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: வயதானவர்கள், இளைஞர்கள், தலைவர்கள், முன்பின் தெரியாதவர்கள். எல்லோரிடமும் இப்படித்தான் பழகுகிறேன், இது பெற்றோரிடம் கற்றுக்கொண்டது என்றார்.

இந்த இடத்தில்தான் மனிதரின் குணமும் உத்தியும் ஒன்று சேர்கின்றன. 2020இல் கொரோனாப் பரவலின்போது இதே மனிதர் 111 நாட்கள் தொலைக்காட்சியில் தோன்றி, படவில்லைகளைக் காட்டிக் காட்டி மக்களுக்குக் கணக்கு ஒப்புவித்தார். கண்டிப்பும் கனிவும் கலந்த ஒரு தகப்பனைப்போல் அவரைப் பார்த்தவர்கள் ஏராளம். அந்தத் தோற்றங்களுக்காகவே அவருக்குச் சர்வதேச எம்மி விருது கொடுக்கப்பட்டு, பிறகு திரும்பப் பெறப்பட்டது. மக்கள் எந்தப் படவில்லைகளை நம்பிப் பழகியிருந்தார்களோ, அதே படவில்லைகளைத்தான் நெருக்கடி வந்தபோதும் அவர் கையில் எடுத்தார். ஆனால், அவை எந்தப் புகாருக்குப் பதில்? அவருடைய பாதுகாப்புப் பிரிவிலிருந்த ஒரு பெண் காவலர், மின்தூக்கியில் தமக்குப் பின்னால் நின்ற ஆளுநர் தம் கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாக விரலை இழுத்தார் என்று சாட்சியம் சொல்லியிருந்தார். பொது இடத்தில் கேமராவுக்கு முன் எடுத்த எத்தனை புகைப்படங்களைக் காட்டினாலும், மூடிய மின்தூக்கியில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்கு அவை விடையாகா. அந்தக் காவலரைப் பற்றி ஒரு வாரம் கழித்துப் பதவி விலகும் உரையில்தான் பேசினார்: தனக்கு நினைவில்லை, ஆனால் அவர் சொன்னால் நம்புகிறேன் என்றார். அதே உரையில், தன் மனதளவில் தான் எந்தக் கோட்டையும் தாண்டவில்லை என்றும், கோடுதான் எவ்வளவு தூரம் மாற்றி வரையப்பட்டிருக்கிறது என்பதைத் தான் உணரவில்லை என்றும் குறிப்பிட்டார். புகார் சொன்ன பெண்கள் பேசியதோ தங்கள் உடலைப் பற்றி.

என்னை உண்மையில் வருத்தியது அவரைச் சுற்றியிருந்த அறை. அவரிடம் முன்பு பணியாற்றிய லிண்ட்சே பாய்லன் 2020 டிசம்பர் 13 அன்று சமூக வலைத்தளத்தில் புகார் எழுதினார். அன்றைக்கே அவருடைய ரகசியப் பணிக்கோப்பின் தாள்கள் ஆளுநர் அலுவலகத்திலிருந்து நிருபர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இது சட்டவிரோதமான பழிவாங்கல் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. அவரைத் தாக்கி ஒரு பகிரங்கக் கடிதமும் எழுதப்பட்டு, கையொப்பம் கேட்டுப் பலரிடம் சுற்றுக்கு விடப்பட்டது. கடைசியில் அது வெளியாகவில்லை. அந்த வரைவைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர்களில், பாதிக்கப்பட்ட பெண்களுக்காகவே தொடங்கப்பட்ட 'டைம்ஸ் அப்' அமைப்பின் தலைவரான வழக்கறிஞர் ரொபெர்ட்டா கப்லானும் ஒருவர். விஷயம் வெளியானதும் அவர் அப்பொறுப்பிலிருந்து விலகினார். செய்தித் தொகுப்பாளரான ஆளுநரின் தம்பி கிறிஸ் கியூமோ, அண்ணனின் தற்காப்புக்குத் துணைநின்றது தெரியவந்து சிஎன்என் தொலைக்காட்சியிலிருந்து நீக்கப்பட்டார். இவர்களில் ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு அந்த அறைக்குள் போயிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நெருங்கிய ஒருவருக்கு ஆபத்து என்றதும், திறமைசாலிகள் தங்கள் திறமையை அவருக்குக் கொடுத்தார்கள். மறுபக்கம் இருந்தவருக்கு அந்த அறையில் நாற்காலியே இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃபிரெய்ட் 1990களிலேயே இந்த வரிசையை அடையாளம் கண்டு எழுதியிருக்கிறார்: முதலில் மறுப்பது, அடுத்துப் புகார் சொன்னவரைத் தாக்குவது, பின்பு இடம் மாறித் தானே பாதிக்கப்பட்டவராக நிற்பது. நம் நாட்டில் இந்த வரிசையை 2018 அக்டோபரில் பார்த்தோம். பத்திரிகையாளர் பிரியா ரமணி பெயர் சொல்லிப் பாலியல் புகார் எழுதியபோது, புகாருக்கு உள்ளான, வெளியுறவுத் துறை இணையமைச்சராக இருந்த எம்.ஜே.அக்பர் வெளிநாட்டில் இருந்தார். திரும்பியதும் அவர் விடுத்த அறிக்கை குற்றச்சாட்டுகள் ஆதாரமற்றவை என்று மறுத்தது. பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கும்போது இந்தப் புயல் ஏன் என்று கேட்டது. 'என்ன நடந்தது' என்ற கேள்வி இருந்த இடத்தில் 'ஏன் இப்போது' என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் ரமணி மீது குற்றவியல் அவதூறு வழக்கு. வக்காலத்தில் 97 வழக்கறிஞர்களின் பெயர்கள் இருந்தன. ஆறு பேர் மட்டுமே நேர் நிற்பார்கள் என்று பிறகு விளக்கம் தரப்பட்டது. நீதிமன்றத்தில் வாதாடத் தேவைப்படாத 91 பெயர்கள் யார் கண்ணில் படுவதற்காக அச்சாகின என்று அன்று நான் யோசித்தேன். அடுத்துப் பேசலாமா என்று வீட்டில் உட்கார்ந்து தயங்கிக்கொண்டிருந்த பெண்கள் அந்தத் தாளை நிச்சயம் பார்த்திருப்பார்கள். ஆயினும் பல பெண்கள் பேசினார்கள். அக்பர் பதவி விலகினார். 2021 பிப்ரவரி 17 அன்று ரமணியை விடுதலை செய்த டெல்லி நீதிமன்றம், பல பத்தாண்டுகள் கழித்தும் தான் விரும்பும் எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று தீர்ப்பெழுதியது. 'ஏன் இப்போது' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் படித்ததில்லை.

நியாயத்துக்காக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புகார் சொல்லப்பட்டவருக்கு மறுக்கும் உரிமை முழுமையாக உண்டு. கியூமோ இன்றுவரை தவறு செய்யவில்லை என்றே சொல்கிறார். குற்ற வழக்கு எதிலும் அவர் தண்டிக்கப்படவில்லை. அதேசமயம், குறைந்தது 13 பெண் ஊழியர்கள் அவர் அலுவலகத்தில் பாலியல் ரீதியாகப் பகைமையான சூழலுக்கு ஆளானார்கள் என்று 2024இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகமும் கண்டறிந்தது. அக்பரும் எல்லாவற்றையும் மறுத்தவரே. தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடும் செய்தார். எங்கள் குழுவின் முன்பும், "அன்று நான் அந்த ஊரிலேயே இல்லை, இதோ பயணச்சீட்டு" என்று நேராக மறுத்து, உண்மையென நிறுவியவரும் இருந்தார். அந்த மறுப்புக்கு எந்த அலங்காரமும் தேவைப்படவில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. மறுப்பைக் கட்டாயம் வெளியிடுங்கள். கூடவே புகாரின் குறிப்பான அம்சங்களையும் அதே பத்தியில் வைத்து, எவற்றுக்குப் பதில் வந்தது, எவற்றுக்கு வரவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். நிபந்தனையோடு சொல்லப்பட்ட வருத்தத்துக்கு "மன்னிப்புக் கேட்டார்" என்று தலைப்பிடாதீர்கள். புகார் சொன்ன பெண்ணின் பழைய பணிக்கோப்பு அன்று மாலையே தங்கள் நிருபரின் கைக்கு வருமானால், அதில் இருப்பதை அச்சிடுவதா என்று முடிவு செய்வதற்கு முன், அதைக் கொடுத்தவர் எந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர், ஏன் அன்றைக்குக் கொடுத்தார் என்று விசாரித்து, அதையே முதல் செய்தியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி