ராத்திரி ஷூட்டிங்கும் பக்கத்து வீட்டு ஜன்னலும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி படித்து இங்கே எல்லோருக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். தாத்தாவான கையோடு ராத்திரி ஷூட்டிங் பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

மந்தைவெளியில் ஒரு குடியிருப்புத் தெரு, இரண்டு ராத்திரி, ஒரு பாட்டு, கொஞ்சம் வசனம் என்று எழுதியிருந்தாய். போலீஸ், மாநகராட்சி அனுமதிகள் கைக்கு வந்துவிட்டால் சத்தத்தைப் பற்றிக் கவலையில்லைதானே என்று கேட்டிருக்கிறாய். கவலைப்பட வேண்டியதே அங்கேதான். தெருவில் படம் எடுக்கத் தருகிற அனுமதி வேறு, ஒலிபெருக்கிக்கு எழுத்தில் வாங்க வேண்டிய அனுமதி வேறு. பின்னதையும் வாங்கி வைத்திருந்தாலும் ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்த தெருவில் அதற்கு மதிப்பில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியை மூடிய அரங்குக்குள், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி மட்டுமே வைக்கலாம். கையில் பிடித்துக் கத்துகிற மெகாஃபோனும் இதில் அடக்கம்.

'12 மணி வரை சலுகை இருக்கிறது சார்' என்று யாராவது சொல்வார்கள், நம்பாதே. கலாசார, மத விழாக்களுக்கு மாநில அரசு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் தரக்கூடிய தளர்வு அது. சினிமாப் பாட்டு அந்தக் கணக்கில் வராது.

அளவுகளையும் மனதில் வைத்துக்கொள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரியில் 45. வணிகப் பகுதி என்றால் 65, 55. தெருவில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில், பகுதிக்குரிய அளவைவிட 10 கூடலாம், அல்லது 75, இரண்டில் எது குறைவோ அது. ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து உள்ளே எடுத்தால் காம்பவுண்டு ஓரத்தில் 5 மட்டுமே கூடலாம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். 2017 திருத்தத்துக்குப் பிறகு அரசு தனியாக அறிவித்தால்தான் அப்படிக் கணக்கு. ஆனாலும் பக்கத்தில் நர்ஸிங் ஹோம் இருந்தால் அறிவிப்பைத் தேடிக்கொண்டிருக்காமல் தெருவையே மாற்றிவிடு. நோயாளிக்கு அரசாணை தெரியாது, தலைவலிதான் தெரியும்.

உன் பெரிய எதிரி ஜெனரேட்டர் வண்டி. பாட்டையாவது நிறுத்தலாம், இது விடிய விடிய ஓடும். 2005 ஜனவரிக்குப் பிறகு தயாரான, 1000 கேவிஏ (மின்திறன் அளவு) வரையிலான டீசல் ஜெனரேட்டர் என்றால், அதை மூடியிருக்கும் கூண்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 'சைலன்ட் ஜெனரேட்டர்' என்று சொல்லி அனுப்புவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. முழு லோடில் ஓட்டச் சொல்லி, 7 மீட்டர் தள்ளி நின்று, சத்தம் அளக்கும் மீட்டரில் பார். அங்கே 60 காட்டுகிறது என்று வைத்துக்கொள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும்: 14 மீட்டரில் 54, 28ல் 48, 56ல் 42. அதாவது 45க்குள் அடங்க 40 மீட்டராவது வேண்டும். இரண்டு பக்கமும் சுவர் எழும்பிய தெருவில் எதிரொலி இருப்பதால் இதைவிட மெதுவாகத்தான் குறையும். அதனால் நேர்கோட்டில் தள்ளி நிறுத்துவதைவிட, முனை திரும்பி நடுவில் ஒரு கட்டடம் மறைக்கிற மாதிரி நிறுத்து. அதே அளவு சத்தமுள்ள இன்னொரு வண்டி சேர்ந்தால் 3 கூடும்.

வண்டி தள்ளிப் போனால் லைட்மேன்கள் கேபிளைக் காட்டி முணுமுணுப்பார்கள். கணக்கைப் போட்டுக் காட்டு. சிங்கிள் ஃபேஸில் 100 ஆம்பியரை 100 மீட்டர் கொண்டுபோக 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டால் போக வரச் சுமார் 10 வோல்ட் இறங்கும். 70 போட்டால் 5தான். எல்இடிக்கு இது ஒன்றுமே இல்லை. இழை எரியும் டங்ஸ்டன் லைட் வைத்திருந்தால் வெளிச்சம் மஞ்சளடிக்கும், அதற்குத் தடித்த கேபிள் கேள்.

வண்டியின் ரேடியேட்டர் பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்த விடாதே. வெளியே தள்ளிய சூடான காற்றே திரும்ப உள்ளே போகும், இன்ஜின் கொதிக்கும், ஆபரேட்டர் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிடுவார். அந்த நிமிடமே தடுப்பு போயிற்று. இன்னொன்று, ஆறு சிலிண்டர் இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில் ஓடும்போது அதன் அடிநாதம் 75 ஹெர்ட்ஸ். மீட்டரை விதிப்படி 'ஏ' அளவில் வைத்தால் அந்தத் தாழ்ந்த ஒலியில் 20 டெசிபலுக்கும் மேல் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். எண் சரியாக இருக்கும், படுக்கையறையில் கிராதி மட்டும் கிடுகிடுக்கும். புகார் வந்தால் மீட்டரை நீட்டி வாதாடாமல் வண்டியை நகர்த்து. மாடிக்குப் போய் ஜன்னலோரம் நின்று ஒருமுறை கேட்டுவிட்டு வந்தால் உனக்கே புரியும்.

அளப்பதற்கு போன் ஆப் போதாது. கிளாஸ் 2 தரத்து ஒலி மீட்டரும், அதைச் சரிபார்க்கும் காலிபரேட்டரும் வாடகைக்கு எடு. யூனிட் வருவதற்கு முதல் நாள் அதே நேரத்தில், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கீழே பிடித்து 15 நிமிட சராசரியைக் குறித்து வை. அந்தத் தெரு முன்பே 50ல் இருந்தது என்று காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

பாட்டுக்கு வருகிறேன். நாக்ரா ஸ்பீக்கர் (ஸ்பாட்டில் பாட்டை ஒலிக்கவிடுவது) வைத்து ஆடவேண்டிய ஷாட்டையெல்லாம் 10 மணிக்குள் முடி. பகலிலேயே ரிகர்சல் வைத்துவிடு. 10க்குமுன் கூட, தெருமுனையில் பெரிய பெட்டி வைத்து அலறவிட வேண்டாம். ஆடுகிறவர்களிடமிருந்து 24 மீட்டரில் இருக்கும் பெட்டியை 3 மீட்டருக்குக் கொண்டுவந்தால் அதே சத்தம் காதில் விழ 18 டெசிபல் குறைத்து வைத்தால் போதும். சின்னப் பெட்டிகளாக நான்கு வாங்கு. 10க்கு மேல் நாயகனுக்கும் நாயகிக்கும் காதுக்குள் இயர்பீஸ், ஆக்‌ஷன், கட் எல்லாம் வாக்கிடாக்கியில்.

பேப்பர் விஷயத்தில் ஒன்று முக்கியம். சாயங்காலம் 6 முதல் ராத்திரி 2 வரை எடுத்தால் அது இரண்டு தேதி. மனுவில் ஒரே தேதி போட்டிருந்தால் 12 அடித்ததும் உன்னிடம் அனுமதி இல்லை. இரண்டு ராத்திரிக்கு மூன்று தேதி எழுது. சட்டம் ஒழுங்கு போலீஸும் போக்குவரத்துப் போலீஸும் தனித்தனி என்பதால் இருவரிடமும் கேள். கையால் வரைந்த வரைபடம் ஒன்றில் ஜெனரேட்டர், கேரவன், சாப்பாட்டு வண்டி, ஆம்புலன்ஸ் போக விடுகிற வழி எல்லாம் குறித்து இணை. அனுமதிகளின் அசல் ஸ்பாட்டிலேயே இருக்கட்டும். குடியிருப்போர் நலச் சங்கத்திடம் பேசிவிட்டு, இரண்டு நாள் முன்பே வீடு வீடாகத் தமிழில் ஒரு நோட்டீஸ் கொடு: தேதி, முடிகிற நேரம், ராத்திரி எடுக்கப்படும் உன் நம்பர். உனக்கு வருகிற போன், ஸ்டேஷனுக்குப் போகாத போன்.

பிப்ரவரி கடைசி வேண்டாம் என்றே சொல்வேன். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு, வீட்டுக்கு வீடு பிள்ளைகள் விழித்திருந்து படிக்கிற சமயம். அவர்களைக் கெடுத்து எடுக்கும் காட்சி எதற்கு? டைரக்டரிடம் பேசி பொங்கல் முடிந்த வாரத்துக்கு நகர்த்தப் பார். முடியாது என்றால் வசனத்தை ராத்திரிக்கு வைத்துக்கொண்டு, பாட்டை ஸ்டுடியோ தளத்துக்குள் மாற்றச் சொல்.

வரைபடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, வண்டி நிற்க வேண்டிய இடத்தைக் குறித்துத் தருகிறேன். பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்