சிப் என்ன விலைக்குப் போனது என்று எழுதி வையுங்கள்

சென்னையில் நாணயக் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கும், அங்கே மேசை போட்டு விற்கிறவர்களுக்கும், சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் கேசினோ சிப் சேகரிக்கிறவன். கேசினோ என்கிற சூதாட்ட விடுதிகளில், போக்கர் போன்ற ஆட்டங்களின் மேசையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லைகளைத்தான் சொல்கிறேன். முன்பெல்லாம் உங்கள் கண்காட்சிகளில் அவை கண்ணில் படாது. இப்போது கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுக்கும் வெளிநாட்டு நோட்டுக்கும் நடுவே ஒரு டப்பாவில் கிடக்கின்றன. மகன் லாஸ் வேகஸிலிருந்து கொண்டுவந்தது, சிங்கப்பூர் போனபோது பையில் தங்கிவிட்டது, கோவா கேசினோக் கப்பலில் மிஞ்சியது என்று வீட்டு அலமாரிகளில் இருந்தவை வெளியே வருகின்றன. வாங்கவும் ஆள் இருக்கிறது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் நம் ஊரில் இவற்றுக்கு விலை சொல்லப்படும் விதம் சரியில்லை. அதை மாற்ற உங்களால் முடியும் என்று நம்புவதால் இந்த மடல்.

ஒரு சிப்பின் விலையைக் கேட்டால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? விற்பவர் போனை எடுக்கிறார். ஈபேயில் அதே சிப்பை யாரோ 150 டாலருக்குப் போட்டிருப்பதைக் காட்டுகிறார். ரூபாயில் பெருக்கி, கொஞ்சம் குறைத்து, ‘உங்களுக்காக’ என்று ஒரு தொகையைச் சொல்கிறார். அந்த 150 டாலர் யாரோ ஒருவர் கேட்கும் விலை. அந்த விலைக்கு வாங்க ஆள் வராததால்தான் அந்தச் சிப் இன்னும் அங்கேயே கிடக்கிறது. விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பார்க்க அதே தளத்தில் வழி இருக்கிறது. அதிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பேரம் பேசி முடித்த விற்பனை என்றால், முதலில் கேட்ட விலையைக் கோடு போட்டு அடித்துக் காட்டுவார்கள். கைமாறிய தொகை அங்கே தெரியாது. அடித்த விலையைப் படம்பிடித்து ‘இந்த விலைக்குப் போயிருக்கு’ என்று குழுவில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் செய்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அடுத்தவர் அதை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்.

நாணயக்காரர்களான உங்களுக்கு இந்த நோய் புதிதில்லை. வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் விலை, 786 என்று முடியும் நோட்டுக்கு லட்சக்கணக்கில் விலை என்று செய்தி பரவி, சில்லறை டப்பாவோடு எத்தனை பேர் உங்கள் மேசைக்கு வந்திருப்பார்கள்! பழைய நோட்டு, நாணயம் வாங்கித் தருவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. அப்படி வந்தவர்களை உட்காரவைத்துப் பொறுமையாக உண்மையைச் சொல்லி அனுப்பியவர்கள் உங்களில் பலர். அதே பொறுமையைச் சிப் விஷயத்திலும் கேட்கிறேன்.

விலை ஏறுவதும் இறங்குவதும் எதனால் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு கேசினோ இயங்கும்வரை அதன் சிப்புக்கு அடியில் ஒரு தரை இருக்கிறது. ஐந்து டாலர் சிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் காசாளர் ஐந்து டாலர் தருவார். எனவே விலை அதற்குக் கீழே அதிகம் போகாது. கேசினோ மூடினால் சிப்பை மாற்றிக்கொள்ள ஒரு கெடு கொடுப்பார்கள். கெடு முடிந்ததும் தரை போய்விடுகிறது. திரும்பி வந்த சிப்களைப் பொதுவாக அழித்துவிட வேண்டும் என்பது லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் விதி. வெளியே தங்கியவை மட்டுமே மிச்சம். சேகரிப்பாளர்களின் சந்தை இந்த மிச்சத்தை நம்பித்தான் ஓடுகிறது.

இதில் புதியவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. நூறு டாலர், ஐந்நூறு டாலர் சிப்பை நினைவுக்கென்று யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, காசாக்கிவிடுவார்கள். ஒரு டாலர், ஐந்து டாலர் சிப்தான் பையில் தங்கும். அதனால் மூடிப்போன பழைய விடுதி ஒன்றின் நூறு டாலர் சிப் அபூர்வம். அதே விடுதியின் ஒரு டாலர் சிப் ஏராளமாகக் கிடைக்கலாம். ‘இந்தக் கேசினோவை இடிச்சிட்டாங்க, இனி கிடைக்காது’ என்று ஒரு டாலர் சிப்பை விற்பவர் சொல்வதில் முதல் பாதி மட்டும் உண்மை.

2024-ல் லாஸ் வேகஸில் இரண்டு பெரிய பெயர்கள் மறைந்தன. 1957-ல் திறந்த டிராபிகானா ஏப்ரல் மாதம் மூடப்பட்டு அக்டோபரில் தகர்க்கப்பட்டது. 1989-ல் திறந்த மிராஜ் ஜூலையில் மூடியது. மூடுகிற செய்தி வந்தாலே ஆட்கள் போய்க் குறைந்த மதிப்புச் சிப்களைக் கைகொள்ளும் மட்டும் வாங்கிவைப்பார்கள். கதவு சாத்தும் வாரத்தில் ஆர்வம் உச்சத்தில் இருக்கும், விலையும் அப்படித்தான். கொஞ்ச காலம் போனால் வாங்கிவைத்தவர்கள் எல்லாரும் விற்கவும் வருவார்கள். அந்த உச்ச வாரத்தின் விலையை இன்றைய விலை என்று சென்னையில் சொல்வது நியாயமா? 1990-களில் அங்குள்ள விடுதிகள் குத்துச்சண்டைப் போட்டிக்கும் புத்தாண்டுக்கும் நினைவுச் சிப்கள் வெளியிட்டுத் தள்ளின. சேகரிப்பவர்களுக்கென்றே அடித்த பொருள் பத்திரமாகவே இருக்கும்; பத்திரமாக இருப்பதால் அபூர்வமாவதில்லை. நம் நினைவு நாணயங்களில் இதையேதான் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு வகை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மறந்துவிட்டு விலை பேச முடியாது. இவர்கள் தனிச் சிப் தேடுவதில்லை, வீட்டில் நண்பர்களோடு விளையாட முழு செட் கேட்கிறார்கள். பால்சன் என்ற பெயரை அவர்கள் பக்தியோடு சொல்வார்கள். 1963-ல் லாஸ் வேகஸில் தொடங்கிய நிறுவனம், பல அமெரிக்கக் கேசினோக்களுக்குச் சிப் செய்து கொடுத்தது. 2002-ல் பிரான்ஸின் பூர்கோன் எ கிராஸே, அமெரிக்காவின் பட் ஜோன்ஸ் நிறுவனங்களோடு இணைந்தது; அந்தக் கூட்டு நிறுவனத்தை 2019-ல் ஜப்பானின் ஏஞ்சல் குழுமம் வாங்கியது. கேசினோ அல்லாதவர்களுக்கு விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆக, பால்சன் சிப்பில் வீட்டில் ஆட விரும்புகிறவருக்குக் கேசினோவிலிருந்து கழித்து வந்த சிப்தான் பெரும்பாலும் வழி. விளையாட்டில் அதிகம் புழங்கும் மதிப்புகள் நூற்றுக்கணக்கில் தேவைப்படுவதால், சேகரிப்பாளர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் சிப்பைக்கூட இவர்கள் நூறு நூறாக அள்ளிக்கொள்கிறார்கள். ஓரம் கூர்மையாக இருக்கிறதா, நடு லேபிள் தேயாமல் இருக்கிறதா என்பதில் விலை இரட்டிப்பாகும், பாதியாகவும் ஆகும். நம் ஊர் விளம்பரங்களில் இந்த விவரம் வருவதே இல்லை. ‘நல்ல கண்டிஷன்’ என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் முதல் சம்பளத்தில் இப்படி ஒரு செட் வாங்கினான். அலுமினியப் பெட்டியில் 500 சிப். ‘பழைய வேகஸ் செட், கையில் எடுத்துப் பாருங்க, என்ன கனம்’ என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கனம்தான் அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியது. பால்சன் போன்ற களிமண் கலவைச் சிப் ஏறக்குறைய 8.5 முதல் 10 கிராம்வரைதான் இருக்கும். 11.5 கிராம் வருகிற பிளாஸ்டிக் சிப்பில் எடைக்காக உள்ளே ஓர் உலோகத் தகடு வைத்திருப்பார்கள். ஓரத்தில் பகடைப் படம் அச்சாகியிருக்கும். விளையாட நன்றாகவே இருக்கும், அதைக் குறை சொல்லவில்லை. புதிதாகவே எங்கும் கிடைக்கும் அந்தப் பெட்டிக்குப் பழம்பொருள் விலை கிடையாது. அவன் கொடுத்தது பழம்பொருள் விலை. திருப்பிக் கேட்டபோது ‘சந்தை இறங்கிடுச்சு’ என்று பதில். ஏறாத சந்தை எப்படி இறங்கும்? அவன் அதோடு சேகரிப்பையே விட்டுவிட்டான். எனக்கு அந்தப் பணத்தைவிட இதுதான் அதிகம் வலிக்கிறது.

கோவாவிலிருந்து வரும் சிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாண்டவி ஆற்றுக் கப்பல்களில் நுழைவுக் கட்டணத்தோடு ‘ஓடிபி’ (ஒன் டைம் பிளே) என்று ஒரு வகைச் சிப் தருவார்கள். ஒருமுறை மேசையில் வைத்து ஆடலாம். காசாளரிடம் கொடுத்துப் பணமாக்க முடியாது. அதில் 1000 என்று அச்சாகியிருப்பதைக் காட்டி, ‘எப்படியும் ஆயிரம் ரூபாய்க்கு மோசம் போகாது’ என்று சென்னையில் விற்கிறார்கள். பணமாக்கக்கூடிய சிப்பிலும் அந்த உத்தரவாதம் பலவீனமானதுதான். நெவாடா விதிப்படி சிப் என்றைக்கும் கேசினோவின் உடைமை. நம் கையில் இருப்பது அவர்கள் தர வேண்டிய கடனுக்கு ஓர் அடையாளம். 2010 டிசம்பரில் லாஸ் வேகஸின் பெலாஜியோ விடுதியில் ஹெல்மெட்டோடு வந்த ஒருவர் துப்பாக்கி முனையில் சுமார் 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சிப்களை அள்ளிக்கொண்டு போனார். விடுதி என்ன செய்தது? 25,000 டாலர் சிப் வரிசையையே திரும்பப் பெறுவதாக அறிவித்து, மாற்றிக்கொள்ள 2011 ஏப்ரல்வரை கெடு வைத்தது. ‘வேகஸ் போனால் மாத்திக்கலாம்’ என்று சொல்லிச் சிப் விற்காதீர்கள். வாங்குகிறவர் அங்கே போய் நிற்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கப் போவதில்லை.

அப்புறம், ரூபாய். 2010-ல் ஒரு டாலர் சுமார் 45 ரூபாய். இன்று 85-ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் அன்றும் இன்றும் பத்து டாலருக்கே போகும் ஒரு சிப், இங்கே 450-லிருந்து 850-க்கு மேல் வந்து நிற்கும். அந்தச் சிப்பின் மேல் யாருக்கும் புதிதாக ஆசை வரவில்லை, ரூபாய்தான் மெலிந்தது. நூறு சிப் ஏறக்குறைய ஒரு கிலோ; செட்டாக வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் மேலே ஏறும். 2019 டிசம்பரிலிருந்து வெளிநாட்டுப் பரிசுப் பார்சலுக்கு இருந்த ஐயாயிரம் ரூபாய் வரிவிலக்கும் இல்லை. இந்தச் செலவுகளைச் சேர்த்து விலை சொல்வதில் தப்பே இல்லை. செலவு இவ்வளவு, சிப் இவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் போதும். மொத்தத்தையும் ‘டிமாண்ட்’ என்று சொல்லாதீர்கள்.

விலையை வெளிப்படையாகப் பேச ஏன் தயங்குகிறோம் என்பது எனக்குப் புரிகிறது. சிப் என்றதும் சூதாட்ட வழக்கில் சீட்டுக்கட்டோடு பரப்பிவைத்த படம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மாநகரத்துக்கு 1888-ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் என்று கெடுபிடி வெகு காலமாக இருக்கிறது. அதனால் குழுவில் படம் மட்டும் வருகிறது. விலை கேட்டால் ‘இன்பாக்ஸ் வாங்க’. விற்றதும் பதிவே அழிக்கப்படுகிறது. நேற்று இரண்டு பேருக்குள் முடிந்த விலை மூன்றாவது ஆளுக்குத் தெரிவதில்லை. மூடிப்போன கேசினோவின் சிப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பவர் சூதாட்ட விடுதி நடத்துகிறவர் இல்லை. ஒளித்து ஒளித்து விற்பதால் நமக்குப் பாதுகாப்பு எதுவும் கூடவில்லை, ஏமாற்றுகிறவருக்குத்தான் வசதி.

நாணயத்தில் நீங்கள் இப்படி இல்லையே! மும்பை, பெங்களூரு ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்ததும் எந்த லாட் என்ன விலைக்குப் போனது என்று பட்டியல் வெளியிடுகின்றன. சோழர் காசு ஒன்றை விற்கும்போது அந்தப் பட்டியலைத்தான் எடுத்துப் பார்க்கிறீர்கள். அமெரிக்கச் சிப் சேகரிப்பாளர்கள் 1988-லேயே சங்கம் அமைத்து, சிப்பை வகைப்படுத்திப் பதிந்து வருகிறார்கள். நாம் தொடங்க ஒரு நீளநோட்டு போதும்.

கண்காட்சி நடத்துகிறவர்களே, வரவேற்பு மேசையில் சிப்புக்கென்று ஒரு பதிவேடு வையுங்கள். எந்தக் கேசினோ, என்ன மதிப்பு, யார் தயாரிப்பு, ஓரமும் லேபிளும் எப்படி இருக்கின்றன, கைமாறிய தொகை, தேதி. இவ்வளவு எழுதினால் போதும், வாங்கியவர் விற்றவர் பெயர் வேண்டாம். கேசினோ பெயரில் கற்பனையாக அடித்த சிப்பையும், பழைய லேபிளைச் சுரண்டிப் புது லேபிள் ஒட்டியதையும் அப்படியே சொல்லித்தான் விற்க வேண்டும் என்று மேசை வாடகைக்கு விடும்போதே நிபந்தனை போடுங்கள். குழு நடத்துகிறவர்களே, விலை போடாத பதிவை அனுமதிக்காதீர்கள். விற்றதும் அழிக்காமல் முடிந்த தொகையை அதன் கீழேயே எழுதச் சொல்லுங்கள். விற்பனையாளர்களே, ஒரு வருடம் மட்டும் செய்து பாருங்கள். விலை தெரிந்தால் வாங்குபவர் ஓடிவிடுவார் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். நான் பார்த்தவரை, என்ன விலை நியாயம் என்று தெரியாதவர்தான் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறார்.

பல வருடங்களாக நான் வாங்கியவற்றின் ரசீதும் விலைக் குறிப்பும் என்னிடம் இருக்கின்றன. அவற்றின் நகலைப் பதிவேட்டின் முதல் பக்கங்களாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கண்காட்சியில் மேசையோரம் ஒரு நாற்காலி கொடுத்தால், நாள் முழுவதும் உட்கார்ந்து நானே எழுதித் தருகிறேன். எந்த நாள், எந்த மண்டபம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
சென்னைச் சிப் சேகரிப்பாளர் ஒருவர்