வெங்கன் மலைச் சரிவில் கமராவோடு

கிளிநொச்சி,
மாசி, 2025

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்தபோது நான் சுவிஸில் நின்றேன். வீட்டில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். வந்து பெட்டி பிரிக்க முதல் அதைத்தான் பிரித்தேன். முழங்கால் நோ குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். இங்கே கார்த்திகை வெள்ளத்துக்குத் தப்பிய வயல்களில் அரிவு வெட்டு நடக்கிறது. நெல் விலை வழமைபோலத்தான், வெட்டுக்கு முதல் ஒன்று, வெட்டின பிறகு இன்னொன்று. அதை நேரில் கதைப்போம்.

பேர்ணில் இருக்கிற மகளிடம் போன இடத்தில் ஒரு பனிச்சறுக்குப் பந்தயம் பார்த்தேன். அதை உனக்கு எழுதாமல் இருக்க முடியாது. படம் பிடிக்கிறவனுக்குத்தான் அது முழுதாக விளங்கும். வெங்கன் என்ற மலைக் கிராமத்தில் நடக்கும் லௌபர்ஹோர்ன் பந்தயம் அது, 1930இல் தொடங்கியது. தை மாதம் வந்தால் அங்கே எல்லாருக்கும் இதுதான் கதை. மருமகன் ரிக்கற் எடுத்துவிட்டு, "மாமா, கமராவையும் கொண்டு வாருங்கோ" என்றார்.

வெங்கனுக்குக் கார் போகாது. கீழே லௌட்டர்புருன்னனில் பற்சக்கர ரெயில் ஏற வேண்டும், 1893இல் இருந்து ஓடுகிற ரெயில். கிராமத்தையும் தாண்டி மேலே போய் இறங்கி, சனத்தோடு சனமாகப் பனியில் நடந்தோம். எதிரே ஐகர், மொங்க், யுங்ஃப்ரௌ என்று மூன்று பெரிய மலைகள்.

பந்தயம் 2,315 மீற்றர் உயரத்தில் தொடங்குகிறது. ஏறத்தாழ நாலரை கிலோமீற்றர், இரண்டரை நிமிடத்துக்குள் கீழே வந்துவிடுகிறார்கள். உலகக்கோப்பையில் இதைவிட நீளமான டவுன்ஹில், அதாவது நேரே மலையிறங்கும் பந்தயம், இல்லை. 2013இல் யோஹான் கிளாரே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கேதான் மணிக்கு 161.9 கிலோமீற்றர் வேகம் தொட்டார். நம்ம ஏ9 வீதியில் பொலிஸ் மறிக்கிற வேகத்தை விட இரண்டு மடங்கு, அதுவும் காலில் இரண்டு பலகையோடு! ஓர் இடத்தில் ரெயில் பாதைக்குக் கீழே உள்ள சின்னப் பாலத்துக்குள்ளால் நுழைந்து வருகிறார்கள்.

நாங்கள் நின்றது ஹுண்ட்ஷோப்ஃப் பாறை தெரிகிற சரிவில். வீரர்கள் அந்தப் பாறை விளிம்பிலிருந்து பாய்வார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு உள்ளே தனி இடம் உண்டு, நமக்கு வேலிக்கு வெளியேதான். அது எனக்குக் குறையாகப் படவில்லை.

பனியில் கமரா ஏமாறும் என்பதை முதல் படத்திலேயே கண்டேன். அவ்வளவு வெள்ளையையும் சாம்பலாக்கிவிடுகிறது. வெளிச்ச அளவை ஒரு ஸ்டொப்புக்கு மேலே கூட்டி வைத்த பிறகுதான் பனி பனியாக வந்தது. குளிரில் பற்றரி கெதியாக இறங்கிவிடும். ஒன்றைக் கமராவிலும் மற்றதைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டிலும் வைத்து மாற்றி மாற்றிப் போட்டேன். கையுறையோடு பொத்தான் அமர்த்துவதுதான் பெரும் பாடு.

ஆளைக் கமராவால் துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். விளிம்புக்கு அந்தப் பக்கம் ஆள் வருவது நமக்குத் தெரியாது. மேலே சனம் கத்தும், மாட்டு மணி ஆட்டும், பிறகு பாறைக்கு மேலே திடீரென்று ஒரு தலை தெரியும். அடுத்த கணம் ஆள் முழுதாக ஆகாயத்தில். அதனால் விளிம்பில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டு, கண்ணை மூடாமல், காதால் காத்திருக்க வேண்டும். ஒரு வீரர் பாய்ந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது: முழங்கால் இரண்டும் நெஞ்சோடு ஒட்ட மடிந்து, கைகள் முன்னுக்கு நீண்டு, பலகையின் வால் நுனியிலிருந்து பனித்தூள் ஒரு கோடாக உதிர்ந்தது. விழுந்த இடத்தில் சத்தம் மெத்தென்று வரவில்லை, கல்லில் இரும்பு உரசியது மாதிரி வந்தது. பாதை அவ்வளவு இறுக்கம்.

ஷட்டரை நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்து எடுத்த படங்களில் எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கிறது, முகமூடிக் கண்ணாடியில் மலை தெரிகிறது. ஆனால் வேகம் இல்லை மச்சான். ஆள் கொடியில் காயப்போட்ட மாதிரி நிற்கிறார். பிறகு நூற்றிருபத்தைந்தில் ஒன்றுக்கு இறக்கி, ஆளோடு சேர்த்து இடுப்பிலிருந்து கமராவைத் திருப்பினேன். பெரும்பாலானவை குப்பை. தேறிய சிலதில் பின்னால் நின்ற சனம் முழுக்க நிறக் கோடுகளாக ஓடுகிறது, நடுவில் ஹெல்மெட் மட்டும் தெளிவு. அவற்றைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது. அவைதான் அந்தப் பந்தயத்தின் படங்கள் என்று நான் சொல்வேன்.

ஒன்று உனக்கு மட்டும் எழுதுகிறேன். அன்று சுவிஸ் விமானப்படையின் ஜெட் விமானங்கள் மலைக்குப் பின்னாலிருந்து வரிசையாக வந்து சாகசம் காட்டின. சனம் கைதட்டிச் சிரித்தது, பேரன் துள்ளினான். எனக்குச் சத்தம் வருமுன்னமே உடம்பு குந்திவிட்டது. யுத்த காலத்தில் கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓடின உடம்பு, அதற்கு வெங்கன் என்றும் வன்னி என்றும் தெரியாது. மகள் ஒன்றும் பேசாமல் தோளில் கை வைத்தாள். அந்த விமானங்களை நான் ஒரு படமும் எடுக்கவில்லை. பாதைக்குப் பக்கத்தில் பட்டாளத்துப் பெடியள் சவளால் பனி அள்ளிக்கொண்டு நின்றதை எடுத்தேன். பந்தயத்துக்குப் பாதை செய்ய அவர்கள்தான் உதவிக்கு வருகிறார்களாம்.

வென்றவர் மார்கோ ஓடர்மாட், அந்த நாட்டுக்காரர். இரண்டாவது ஃபிரான்யோ ஃபொன் அல்மென். இரண்டு பேருக்கும் இடையே அரை நொடி கூட இல்லை. அல்மென் தச்சுத் தொழில் படித்த பெடியன். பதினேழு வயதில் தகப்பன் இறந்துவிட, தொடர்ந்து ஓடச் சனத்திடம் காசு சேர்த்திருக்கிறார்கள். இப்போது இந்த மாசியில் உலகச் சாம்பியனாகிவிட்டான்! செய்தியைக் கேட்டு நம்ம வீட்டுப் பிள்ளை வென்ற மாதிரி இருந்தது. நமது விளையாட்டுக் கழகங்களுக்குப் பந்தும் சப்பாத்தும் வாங்கச் சுவிஸிலிருந்து காசு வருகிறது, ஆனால் ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்து ஐந்தாறு வருடம் தாங்குவதை நாம் இன்னும் செய்யவில்லை. இதைப் பற்றி உன் கழகத்தில் கதைத்துப் பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சித்திரைக்கு இங்கே மாட்டுவண்டிச் சவாரி நடக்கும் என்கிறார்கள். சவாரியில் படம் பிடிக்கிற எல்லாரும் முடிவுக் கோட்டில்தான் குவிந்து நிற்கிறோம். அங்கே கிடைப்பது வென்ற வண்டியும் புழுதியும். மாடுகள் முழு வேகம் எடுப்பது பாதி வழியில். அங்கே ஒருவர் தாழ இருந்து, வண்டியோடு சேர்த்துக் கமராவைத் திருப்பினால், சனமும் பனையும் கோடாக ஓட, மாட்டின் கண் மட்டும் தெளிவாக விழும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நான் ஒரு பக்கம், நீ மற்றப் பக்கம். முதல் நாளே திடலுக்குப் போய் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று நடந்து பார்ப்போம்.

வெங்கன் படங்களில் நல்லதாகப் பார்த்து இதோடு வைத்திருக்கிறேன். எதில் கை ஆடியிருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது. சவாரித் திகதி தெரிந்ததும் கோல் எடுக்கிறேன். வரும்போது உன் பெரிய லென்ஸையும் முழங்காலுக்குப் பூசுகிற எண்ணெயையும் மறந்துவிடாதே. நிலத்தில் குந்தித்தான் எடுக்க வேண்டி வரும்.

உன் கூட்டாளி