வளவு வீட்டுத் திருப்பணி நிறைவு: பங்காளிகளுக்கும் பெண்மக்களுக்கும் குழுவின் அறிக்கை

சிவமயம்

பங்காளிகள், ஆச்சிமார், இந்த வீட்டில் பிறந்த பெண்மக்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவினரின் வணக்கம்.

நம் ஐயாக்கள் கட்டிய, முற்றத்தைச் சுற்றித் தூண் வரிசை கொண்ட இந்த வளவு வீட்டின் திருப்பணி சென்ற ஆவணியில் நிறைவடைந்தது. அப்போதே எழுதியிருக்கலாம். ஆனால் மழை பார்க்காமல் கூரையைப் பற்றி எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த இரவு, குழுவில் மூவர் முகப்பிலேயே தங்கி, டார்ச் விளக்கோடு அறை அறையாகச் சுற்றி வந்தோம். இரண்டாம் கட்டின் வடமேற்கு மூலையைத் தவிர எங்கும் ஒரு சொட்டு இல்லை. அந்த மூலையும் மறுநாளே ஓடு மாற்றிச் சரிசெய்யப்பட்டது.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுத் தனித் தாளில் இணைக்கப்பட்டிருக்கிறது. அதில் அடங்காத செய்திகளை மட்டும் இங்கே சொல்கிறோம்.

முதலில் புள்ளி வரி, அதாவது மணமான குடும்பம் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டு வாங்கும் வரி பற்றி. வேலை தொடங்கும் முன்பே, வெளிநாட்டில் இருக்கும் நம் பங்காளி ஒருவர் முழுச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொன்னார். மிக நல்ல மனத்தோடு சொன்னார். அதைக் குழு கைகூப்பி மறுத்தது. சிலருக்கு அதில் வருத்தம் இருந்ததும் தெரியும். ஒருவர் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு மற்றவர்கள் விருந்தாளியாக வந்துபோவார்களே தவிர, ஓட்டைப் பார்த்தால் ஓடு மாற்ற வரமாட்டார்கள் என்பது எங்கள் கருத்து. ஆகவே முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு வாங்குவதுபோலவே புள்ளிக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே வரி, மூன்று தவணை. பணமாகக் கட்ட இயலாத குடும்பங்கள் உழைப்பாகத் தந்தன. அதுவும் வரவில் எழுதப்பட்டது. முழுச் செலவையும் ஏற்க முன்வந்த அந்த அண்ணன் தம் ஒரு புள்ளிக்கான வரியைக் கட்டிவிட்டு, விடுமுறையில் வந்து இரண்டு வாரம் வெயிலில் உட்கார்ந்து பழைய ஓடுகளைத் தட்டித் தட்டிப் பிரித்துக் கொடுத்தார். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். கீறல் விட்டது மந்தமாகச் சொல்லும். அவர் தேர்ந்து வைத்த ஓடுகள்தாம் இன்று முகப்பின் மேல் இருக்கின்றன.

கூரையைப் பிரித்தபோது ஒன்று தெளிவாயிற்று. பர்மாத் தேக்கு தேக்காகவே இருந்தது. சுவருக்குள் செருகிய முனைகள்தான் உளுத்திருந்தன. காரணம் மரமல்ல, சிமெண்டு. முன்பு ஒருமுறை மராமத்துப் பார்த்தவர்கள், பெயர்ந்த சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமெண்டைப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்டு அதன் வாயை அடைத்துவிட்டது. உள்ளே நின்ற ஈரம் உப்பாகப் பூத்து, செங்கல்லை அரித்து, மரத்தின் முனையில் போய் உட்கார்ந்திருந்தது. அந்த சிமெண்டைக் கொத்தி எடுக்கவே ஒன்றரை மாதம் ஆயிற்று. இனி இந்த வீட்டில் யார் எந்தச் சுவரைத் தொட்டாலும் சிமெண்டு கூடாது என்று கூட்டத்தில் தீர்மானம் எழுதி, எல்லாப் பங்காளிகளிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.

சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் எழுபதைத் தாண்டிய கொத்தனார் ஒருவர், தம் பேரனையும் அழைத்துக்கொண்டு வந்தார். நீற்றிய சுண்ணாம்பை அவர் சொன்ன நாள் வரும்வரை தொட விடவில்லை. கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீரின் மணம் வளவு முழுவதும் நிறைந்திருந்தது. கடைசிப் பூச்சுக்குச் சலித்தெடுத்த மெல்லிய சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு. பூச்சை மட்டமாக்கும் மணியாசுக் கட்டையால் தேய்த்து முடித்தபின், உள்ளங்கையில் அடங்கும் வழுவழுப்பான கல் ஒன்றை மடியிலிருந்து எடுத்தார். சுவரில் ஈரம் வற்றுவதற்குள் மெருகு ஏற வேண்டும். அதனால் சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை. பேரன் கீழிருந்து தண்ணீர்ச் செம்பை நீட்ட, இடது கையால் வாங்கிக் குடித்தபடி வலது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். மாலையில் அந்தச் சுவரில் விளக்கின் சுடர் தெரிந்தது. நம் ஆயாமார் இந்தச் சுவரில் முகம் பார்த்துப் பொட்டு வைத்ததாகச் சொல்வார்களே, அது கதையல்ல. வந்து பாருங்கள்.

வளவில் தரை விரிசல் கண்ட இடங்களுக்கு ஆத்தங்குடிக் கல் போட்டோம். சூளையில் சுடாமல், கண்ணாடிப் பலகை மேல் கையால் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் பழைய முறையில் செய்தவையே அவை. நடக்க நடக்கத்தான் பளபளப்பு வரும். முற்றத்து மழைநீர் கிணற்றுக்குப் போகும் தூம்பு பல ஆண்டுகளாக அடைத்துக் கிடந்தது, அதையும் திறந்தோம்.

வளவுத் தூண் ஒன்றைப் பற்றிக் குழுவிலேயே கருத்து வேறுபாடு வந்தது. அடி உளுத்துப்போன அந்தத் தூணுக்கு மாற்று, பழைய வீட்டுப் பொருள்கள் விற்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதியில் கிடைத்தது. பார்த்ததும் நெஞ்சு கனத்தது. நம்மைப்போன்ற யாரோ ஒரு குடும்பம் பங்கு பிரிந்து, வீட்டை இடித்து, எடைக்கும் கனத்துக்கும் விற்ற தூண் அது. வாங்கினால் இடிப்பவர்களுக்கு ஊக்கம் கொடுப்பதாகாதா என்றார்கள் சிலர். வாங்காவிட்டால் ஏதோ ஓட்டலின் வரவேற்பறைக்குப் போகும், அதைவிட ஒரு வளவில் நிற்கட்டும் என்றார்கள் மற்றவர்கள். இரண்டாவது பக்கமே வென்றது. மேற்கு வரிசையில் மூன்றாவதாக, தூணின் தலையிலுள்ள போதிகையில் சற்று வேறுபட்ட பூவேலையோடு நிற்பது அதுதான். அந்த வீட்டின் பெயர் எங்களுக்குத் தெரியாது.

மிகவும் நாள் பிடித்தது மரவேலையோ சுண்ணாம்போ அல்ல, பூட்டு. ஒவ்வொரு பங்கின் இரட்டை அறையும் அந்தந்தப் பங்காளியின் பூட்டில் இருந்தது. நான்கு அறைகளுக்குச் சாவி யாரிடம் என்றே தெரியவில்லை. எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். கடிதம் எழுதி, தொலைபேசியில் பேசி, நேரில் போய்க் கேட்டு, ஒவ்வொரு பங்கிலும் ஒருவர் முன்னிலையிலேயே திறந்தோம். ஒரு சாவி கோயம்புத்தூரில் ஓர் ஆச்சியின் அஞ்சறைப்பெட்டிக்குள் இருந்தது. எதற்கென்று தெரியாமல், மாமியார் கொடுத்தது என்பதற்காகவே நாற்பது ஆண்டு வைத்திருந்தாராம்.

அந்தச் சாவி திறந்த அறையில்தான் ஏடுகளும் கணக்குகளும் கிடைத்தன. திருமணங்களுக்கு ஒப்பந்தமாக எழுதிய இசைகுடிமான ஓலைகள், சீர்முறைகளை எழுதிய முறைச்சிட்டைகள், பேரேடுகள், கணக்கைத் தொகுத்த ஐந்தொகைத் தாள்கள். ரங்கூன் மொகல் தெருக் கடையிலிருந்து ஊருக்கு அனுப்பிய கணக்கு நகல்களும் ஒரு கட்டு. கடைப் பொறுப்பிலிருந்த மேலாள் எழுத்து ஒரு மாதிரி, அவருக்கு அடுத்த நிலையிலிருந்த அடுத்தாள் எழுத்து ஒரு மாதிரி. எண்களெல்லாம் தமிழ் எண்கள். மாகாணியும் (பதினாறில் ஒன்று) அரைக்காலும் (எட்டில் ஒன்று) குறியீடுகளாகவே வருகின்றன. விஷு வருடம் கார்த்திகையோடு அந்தக் கட்டு முடிந்துவிடுகிறது. அதாவது 1941 கடைசி. அந்த டிசம்பரில்தான் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. அடுத்த மாதக் கணக்குக்கென்று இங்கே யாரோ தலைப்பு மட்டும் எழுதி, பிள்ளையார் சுழியிட்டு, ஒரு தாளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அது வெறுமையாகவே இருக்கிறது.

இவற்றைக் காப்பாற்றியது முழுக்க நம் பெண்மக்கள். சென்னை, மதுரை, பெங்களூர் என்று கட்டிக்கொடுத்த ஊர்களிலிருந்து முறை வைத்து வந்து, தூரிகையால் தூசி நீக்கி, ஓலைகளுக்கு எலுமிச்சைப்புல் தைலம் தடவி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வரிசைப்படுத்தினார்கள். பழைய எண்களைப் படிக்கத் தெரிந்த ஒரே ஒருவர் 86 வயது அத்தை. அவர் படிக்க, மற்றவர்கள் எழுதினார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக வளர்ந்திருக்கின்றன. அவ்வளவு பெரிதல்ல நம்முடையது. ஆனால் கரையானுக்கு விட்டுவிடும் அளவுக்குச் சிறிதுமல்ல.

இதையொட்டிக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. நம் வம்சாவளியில் இதுவரை ஆண்மக்கள் பெயர் மட்டுமே இருந்தது. பிறந்த பெண்கள் மணமானதும் கணவர் வீட்டாரின் கோயிலுக்குப் புள்ளியாகிவிடுவதால் எழுதுவதில்லை என்பது வழக்கம். கோயில் வழக்கத்தில் நாம் கை வைக்கவில்லை. ஆனால் முகப்பில் மாட்டப்போகும் வம்சாவளியில், முறைச்சிட்டைகளிலிருந்து எடுத்த பெண்மக்களின் பெயர்கள் அனைத்தும் அண்ணன் தம்பிகளுக்கு அருகிலேயே இருக்கும். முதல் இரண்டு தலைமுறையில் ஏழு பெயர்கள் மட்டும் கிடைக்கவில்லை. அவற்றுக்கு இடம் விட்டிருக்கிறோம். எந்த வீட்டிலாவது அப்பத்தாவின் அத்தை பெயர் யாருக்காவது நினைவிருந்தால் தெரிவியுங்கள்.

வீட்டைப் பார்த்துக்கொண்ட குடும்பத்தினர், மூன்று தலைமுறையாகத் தினமும் மாலை விளக்கேற்றி வந்தவர்கள், இல்லாதிருந்தால் திருப்பணிக்கு ஒன்றுமே மிஞ்சியிராது. பின்கட்டில் அவர்கள் குடியிருக்கும் பகுதிக்கும் இதே ஓடும் இதே பூச்சும் போடப்பட்டிருக்கிறது.

வரும் மாசியில் படைப்பு. பேழையில் இருக்கும் சேலையை எடுத்துப் புதுச் சேலை வைக்க வேண்டும். எல்லா அறைச் சாவிகளும் பங்குப் பெயர் எழுதிய பித்தளைத் தகட்டோடு முகப்பு மர அலமாரியில் மாட்டப்பட்டிருக்கின்றன. வருகிறவர்கள் தத்தம் அறையைத் திறந்து, ஓர் இரவாவது தங்கும்படி வசதி செய்திருக்கிறோம். பாய், தலையணை இருக்கிறது. போர்வை மட்டும் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்