ராஜினாமான்னு மட்டும் எழுதிக் குடுத்துடாதே

தண்டையார்பேட்டை,
12.8.2025

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதறது. போன்ல பேசலாம்னு நாலு நாளா பார்க்கறேன், "மீட்டிங்ல இருக்கேம்மா"ன்னு வச்சிடறே. சி.என்.சி. மிஷின் ஓட்டறவனுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு என்னடா மீட்டிங்? உன் பெண்டாட்டி மேல கோபப்படாதே. பாப்பாவோட ஸ்கூல் வேனை நிறுத்திட்டோம் அத்தேன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டா. மீதியெல்லாம் நான் தோண்டி எடுத்தது.

கம்பெனியில ஆர்டர் இல்லையாம். உங்க லைன்ல இருக்கிறவங்க எல்லாரும் 31ஆம் தேதிக்குள்ள "சொந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு விலகுகிறேன்"னு எழுதிக் குடுத்தா ரிலீவிங் லெட்டரும் ஒரு மாச சம்பளமும் தர்றாங்களாம். எழுதிக் குடுக்காதவங்களுக்கு லெட்டர் கிடையாதாம். நீ எழுதிக் குடுக்கலாம்னு இருக்கியாம்.

குடுக்காதே. இந்தக் கடுதாசியில வேற எதையும் படிக்கலைன்னாலும் பரவாயில்லை, இதை மட்டும் படி.

உனக்கு என்ன சொந்தக் காரணம்? ஆர்டர் இல்லாதது அவங்க காரணம். அதை உன் கையெழுத்துல உன் காரணமா மாத்திக் கேட்கறாங்க. ஆட்குறைப்புன்னு அவங்க எழுதினா அரசாங்கத்துக்கும் தகவல் சொல்லணும், உனக்கும் நஷ்டஈடு தரணும். அதுக்குன்னு சட்டமே இருக்கு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆள் அதிகம்னு அனுப்பணும்னா ஒரு மாச நோட்டீஸ், இல்லைன்னா அதுக்கு ஈடா ஒரு மாச சம்பளம். அதுக்கு மேல, முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். நீ சேர்ந்தது 2022 ஜூன். மூணு வருஷம் முடிஞ்சிடுச்சு, 45 நாள் சம்பளம் கணக்கு. அவங்க பெரிய மனசு பண்ணித் தர்ற மாதிரி சொல்ற அந்த ஒரு மாச சம்பளம் இருக்கே, அது எப்படியும் தர வேண்டிய நோட்டீஸ் காசுடா. 45 நாளை மறைக்கத்தான் அதை முன்னாடி நீட்டறாங்க. நீயா விட்டுட்டுப் போனேன்னு எழுதிட்டா அது ஆட்குறைப்பே இல்லைன்னு ஆயிடும்.

உங்க அப்பா விஷயம் உனக்கு முழுசா தெரியாது. அப்போ நீ கைக்குழந்தை. திருவொத்தியூர் பக்கம் அவர் வேலை பார்த்த ஃபவுண்டரியை 1998ல மூடினாங்க. மூடறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஆபீஸ் ரூமுக்கு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, டீ வாங்கிக் குடுத்து, டைப் அடிச்சு வச்ச பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. விருப்ப ஓய்வு. பதினோரு வருஷம் கரியிலயும் சூட்டுலயும் நின்ன மனுஷனுக்கு முப்பத்தாறு வயசுல என்ன ஓய்வு, என்ன விருப்பம்? படிச்சுப் பார்க்காம போட்டுட்டார். அப்புறம் யார்கிட்ட போனாலும் முதல்ல அந்தப் பேப்பரைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. "நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே"ம்பாங்க. அந்த டீக்கு விலை அவ்வளவுன்னு அவரே சொல்லிச் சிரிப்பார், பாவம்.

பி.எஃப்.ல, அதான் வருங்கால வைப்பு நிதியில, இன்னொரு கூத்து. அவரோட இனிஷியல் 'என்'. கம்பெனி ரெஜிஸ்டர்ல யாரோ 'எம்'னு போட்டு வச்சிருக்காங்க. பதினோரு வருஷமா வந்த சீட்டை நாங்க ஒரு தடவை கூட உத்துப் பார்க்கலை. கம்பெனியே மூடின பிறகு திருத்தம் கேட்டு யார்கிட்ட போறது? சீல் வச்சுக் குடுக்க ஆள் வேணுமே. ஒரு எழுத்துக்கு ஒண்ணரை வருஷம் அலைஞ்சோம். அதனாலதான் சொல்றேன், கம்பெனி கதவு திறந்திருக்கும்போதே உன் ஆதார்ல, பேங்க் பாஸ்புக்ல, பி.எஃப்.ல, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.ல பேரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கான்னு நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. இன்னிக்கே பாரு.

இப்போ இ.எஸ்.ஐ.க்கு வர்றேன். அது ஆஸ்பத்திரிக்கு மட்டும்னு நீ நினைச்சுட்டு இருக்கே. நீ பொறந்தது அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலதான், அந்த அளவுல எல்லாருக்கும் தெரியும். வேலை போனா காசும் உண்டுன்னு நம்ம தெருவுலயே பாதிப் பேருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிஞ்சது எப்படின்னு கேட்டா, சொல்ல வேண்டியதுதான். 2020ல நான் தச்சிட்டு இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனி லாக்டவுனுக்கு அப்புறம் திறந்தப்போ எங்கள்ல பாதிப் பேரைக் கூப்பிடலை. உன்கிட்ட நான் சொல்லவே இல்லை. நீ அப்போ பாடியில டிரெய்னிங்ல இருந்தே, எட்டாயிரம் ஸ்டைஃபண்ட். காலையில வழக்கம்போல டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுக் கிளம்புவேன். கொருக்குப்பேட்டை கேட் தாண்டி அக்கா வீட்டுல உட்கார்ந்து ஜாக்கெட் தச்சிட்டு சாயங்காலம் வருவேன். மூணு மாசம். அதனால இப்போ நீ மறைக்கிறதைப் பார்த்துத் திட்ட எனக்கு வாய் வரலை.

எங்க லைன் சூப்பர்வைசர் பொண்ணுதான் சொன்னா, அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனான்னு ஒரு திட்டம் இருக்கு அக்கா, வேலை போய் முப்பது நாள் ஆனா எழுதிப் போடலாம்னு. 2018 ஜூலையில ஆரம்பிச்சது. முதல்ல தினக்கூலியில கால் பங்கு தந்தாங்க, கொரோனா வருஷத்துல அதைப் பாதியா ஏத்தினாங்க. 90 நாள் வரைக்கும் தருவாங்க. ஆயுசுக்கு மொத்தமே அந்த 90 நாள்தான். கம்பெனி மூலமாத்தான் போகணும்னு இல்லை, நாமளே நேரா கேட்கலாம். எனக்கு மொத்தம் 14,000 சொச்சம் வந்தது. அதுலதான் கரண்ட் பில்லும் உன் பஸ் பாஸும்.

உனக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சம்பளம் 19,000. இ.எஸ்.ஐ.க்கு உச்சவரம்பு 21,000, அதுக்குள்ளதான் இருக்கே. மாசம் உன்கிட்ட முக்கால் சதவீதம், 143 ரூபா பிடிக்கிறாங்க, கம்பெனி மூணேகால் சதவீதம், 618 ரூபா போடணும். ஒரு நாள் சராசரி 624 வருது. அதுல பாதி 312. 90 நாளுக்கு 28,000 ரூபா. வாடகைக்கும் பாப்பா பாலுக்கும் ஆகும்ல? தர்மம் இல்லைடா இது. மூணு வருஷமா உன் சம்பளச் சீட்டுல அந்த 143 உட்கார்ந்திருக்கு.

தகுதி என்னன்னா, ரெண்டு வருஷமாவது இ.எஸ்.ஐ.ல இருந்திருக்கணும். அவங்க வருஷத்தை ரெண்டாப் பிரிப்பாங்க, ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர், அக்டோபர்லேர்ந்து மார்ச். வேலை போறதுக்கு முந்தின அரை வருஷத்துல 78 நாளாவது உனக்குப் பணம் கட்டியிருக்கணும். அதுக்கும் முந்தின மூணு அரை வருஷத்துல ஏதாவது ஒண்ணுலயும் அதே 78 நாள். ஒழுங்கு நடவடிக்கையில அனுப்பினவங்க, வயசாகி ரிட்டயர் ஆனவங்க, விருப்ப ஓய்வு வாங்கினவங்க, இவங்களுக்கெல்லாம் கிடையாது. பார்த்தியா, திரும்ப அந்த ஒரு காகிதத்துலதான் வந்து நிக்குது. திட்டத்தை அப்பப்போ தேதி போட்டு நீட்டிக்கிட்டு வர்றாங்க, அதனால போற அன்னிக்கு நடப்புல இருக்கிற விதியைக் கவுன்டர்லயே கேட்டுக்கோ.

இதைவிடப் பெரிசு இன்னொண்ணு இருக்கு. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா, 2005லேர்ந்து. கம்பெனி மூடினாலோ, சட்டப்படி ஆட்குறைப்பு செஞ்சாலோ முதல் 12 மாசம் சம்பளத்துல பாதி, அடுத்த 12 மாசம் கால் பங்கு. 24 மாசம் வரைக்கும்டா. குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியும் தொடரும். இப்போ புரியுதா நான் ஏன் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு குதிக்கிறேன்னு? காகிதத்துல "ஆட்குறைப்பு"ன்னு இருந்தா ஒரு கணக்கு, "சொந்தக் காரணம்"னு இருந்தா வேற கணக்கு.

நீ செய்ய வேண்டியதைச் சொல்றேன். சம்பளச் சீட்டு உனக்குக் கம்பெனி மெயில்லதான வருது? அந்த மெயிலை ஒரு நாள் காலையில மூடிடுவாங்க, சொல்லிட்டு மூட மாட்டாங்க. ரெண்டு வருஷத்துச் சீட்டையும் இன்னிக்கு ராத்திரியே இறக்கி உன் சொந்த மெயிலுக்கு அனுப்பு. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், அடையாள அட்டை முன்னும் பின்னும் போட்டோ. அட்டையைத் திருப்பி வாங்கிடுவாங்க, வேலை பார்த்ததுக்கே அத்தாட்சி இல்லாம போயிடும். ஹெச்.ஆர். வாட்ஸ்அப்ல "31க்குள்ள லெட்டர் குடுங்க"ன்னு போட்டிருக்கான்னு உன் பெண்டாட்டி சொன்னா. அது தங்கம். தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடு. டெலீட் பண்ணிடப் போறான்.

அப்புறம் இ.எஸ்.ஐ. வெப்சைட்ல உன் நம்பரைப் போட்டு உள்ளே போய் மாசா மாசம் எத்தனை நாள் கட்டியிருக்காங்கன்னு பாரு. பிடிக்கிறது வேற, கட்டறது வேற. எங்க கம்பெனியில எனக்கு ஒரு அரை வருஷத்துல 71 நாள்தான் ஏறியிருந்தது. நல்லவேளை வேற அரை வருஷத்துல சரியா இருந்தது. இல்லைன்னா ஏழு நாளுக்காக எல்லாமே போயிருக்கும். குறைஞ்சிருந்தா இப்பவே எழுதிக் கேளு. வாயால கேட்காதே.

பேங்க் விஷயத்துல நான் பட்டதை நீ படாதே. என் பேங்கை வேற பேங்கோட சேர்த்தாங்களா, ஐ.எஃப்.எஸ்.சி. நம்பர் மாறிடுச்சு. நான் பழைய பாஸ்புக் ஜெராக்ஸையே வச்சுட்டேன். பணம் போய்த் திரும்பிடுச்சு. அது திரும்பினதே எனக்கு நாற்பது நாள் கழிச்சுத்தான் தெரியும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கோ. எந்தத் தேதி, எந்த ஆபீஸ், எந்த கவுன்டர், என்ன சொன்னாங்க, நீ என்ன குடுத்தே, அன்னன்னிக்கே எழுது. எதைக் குடுத்தாலும் ரெண்டு காப்பி, ஒண்ணுல சீல் வாங்காம நகராதே. "போங்க, நாங்க பார்த்துக்கறோம்"னா சிரிச்சிட்டு நின்னுடு. நான் ஒரு தடவை மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க நின்னேன். சாப்பிட்டுத் திரும்பி வந்த கவுன்டர் அம்மா என்னைப் பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம சீல் குத்திக் குடுத்துடுச்சு.

பி.எஃப்.ல நீ வேலை பார்த்த கடைசி தேதியைக் கம்பெனி போடணும். போடலைன்னா ரெண்டு மாசம் பொறுத்து நீயே போட்டுக்கலாம். ஆனா அவசரப்பட்டு பென்ஷன் பகுதியையும் சேர்த்து வழிச்சு எடுத்துடாதே. பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்தாத்தான் பென்ஷன். மூணு வருஷம் உனக்கு ஏற்கனவே ஓடியிருக்கு, அதை அடுத்த கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போ.

எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் பதிவு நினைவிருக்கா? பிளஸ் டூ முடிச்சப்போ ஸ்கூல்லயே பண்ணது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். பதிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியும் வேலை இல்லாதவங்களுக்கு மாநில அரசு உதவித்தொகை தருது. பத்தாவதுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600. மாசத்துக்குத்தான், நாளுக்கு இல்லை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள்ள இருக்கணுமாம். சிலிண்டருக்கே பத்தாது. நான் அதை நம்பச் சொல்லலை, பதிவை மட்டும் உயிரோட வச்சிரு.

நடுவுல வேலை கிடைச்சா உடனே இ.எஸ்.ஐ.ல சொல்லிடு. மறைச்சு வாங்கறது வேணாம். புதுக் கம்பெனி உன் ஆதார்ல பணம் கட்ட ஆரம்பிச்ச அன்னிக்கே எல்லாம் தெரிஞ்சிடும்.

வெட்கமா இருக்குன்னு உன் பெண்டாட்டிகிட்ட சொன்னியாம். எங்க அப்பா பெரம்பூர் பி அண்டு சி துணி மில்லு ஆளுடா. 1918ல வாடியாவும் திரு.வி.க.வும் அங்கே நின்னு மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்ச கதையைச் சோறு ஊட்டறப்ப சொல்வார். அந்த மில்லே 1996ல மூடிடுச்சு. புளியந்தோப்புலேர்ந்து வியாசர்பாடி வரைக்கும் வேலை போகாத வீடு எது? நம்ம பக்கத்துல வேலை போச்சுன்னா பக்கத்து வீட்டுல குழம்பு வரும், யாரும் ஒரு மாதிரியா பார்க்க மாட்டாங்க. நீ ஓசூர்ல தனியா இருக்கிறதால இதெல்லாம் மறந்துட்டே.

அப்பாவோட பேப்பரெல்லாம் வச்ச மஞ்சப்பை இன்னும் பரண்லதான் இருக்கு. மிக்ஜாம் புயல்ல தண்ணி கட்டில் வரைக்கும் வந்தப்போ முதல்ல அதைத்தான் மேலே தூக்கிப் போட்டேன். டி.வி. போனது உனக்குத் தெரியும். சனிக்கிழமை வண்டி ஏறி வர்றேன். காலி ஃபைல் ரெண்டும் காசிமேடு சங்கரா மீன் கொஞ்சமும் எடுத்துட்டு வர்றேன். பாப்பாவுக்கு முள் எடுத்துக் குடுக்க நான் இருக்கேன், நீ உட்கார்ந்து பேப்பரைத் தேதி வாரியா அடுக்கு.

அதுக்குள்ள ஹெச்.ஆர். திரும்பக் கூப்பிட்டு கையெழுத்து கேட்டா, வீட்டுல அம்மாகிட்ட படிச்சுக் காட்டணும் சார்னு சொல்லு. சிரிப்பாங்க. சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். டீ குடுத்தா மட்டும் குடிக்காதே.

இப்படிக்கு,
அம்மா