காசு சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. சுதந்திர தினத்தன்று மாணவர்களுக்காகக் கண்காட்சி வைத்தோம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு ஒருமுறை சென்று வந்தோம்.

விரிவாகச் சொல்ல வேண்டியது, கொண்டுவரும் காசு உண்மையில் என்ன என்று பார்த்துச் சொல்லும் பரிசோதனை மேசையைப் பற்றித்தான். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் வெளியூர்ச் சந்தையில் ஐந்தாம் ஜார்ஜ் காலணா ஒன்றை அச்சுப் பிழைக் காசு, அதாவது அடிக்கும்போதே பிழை நேர்ந்ததால் சேகரிப்போர் தேடும் காசு என்று நம்பி, ஓய்வூதியத்திலிருந்து பெருந்தொகை கொடுத்து வாங்கிவந்தார். அரசரின் முகம் மழுங்கிக் கிடந்தது. தராசில் வைத்தேன். 4.86 கிராம் இருக்க வேண்டிய காசு 4.3 கிராம்கூட இல்லை. பல கைகள் மாறித் தேய்ந்த காசு அது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல நேர்ந்த அன்றே இந்த மேசையைத் தொடங்க முடிவு செய்தேன்.

பிழைக் காசையும் தேய்ந்த காசையும் மேசையில் பிரித்தறிவது இப்படித்தான். தேய்மானம் மேட்டில்தான் தொடங்கும். காது, தாடி, கிரீடம் முதலில் மழுங்கும். பள்ளத்தில் உள்ள எழுத்து கடைசி வரை நிற்கும். காசை அடிக்கும் அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருந்தால் நடப்பது வேறு: ஓர் எழுத்து மட்டும் காணாமல் போயிருக்கும், பக்கத்து எழுத்து கூர்மையாக இருக்கும், எடையும் குறையாது. காசின் மேல் கோடு தெரிந்தால் லென்ஸில் பாருங்கள். மேலெழும்பிய கோடு அச்சில் விழுந்த விரிசல். பள்ளமான கோடு வெறும் கீறல். அடிக்கும் முன்பே பிறை வடிவில் விளிம்பு குறைந்த காசில், குறைக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். பிறகு அரத்தால் அராவிய காசில் அந்த மங்கல் இருக்காது. ஒரு பக்கத்து உருவமே மறுபக்கத்தில் குழிந்து, இடவலம் மாறித் தெரிந்தால், முந்தைய காசு அச்சில் ஒட்டிக்கொண்டதால் நேர்ந்த உண்மையான பிழையாக இருக்கலாம். ஆனால் இரண்டு காசுகளைப் பட்டறைப் பிடியில் வைத்து நெரித்தும் அப்படிச் செய்கிறார்கள். அதில் மறுபக்கம் நசுங்கியிருக்கும். ராஜராஜன் செப்புக் காசில் உருவம் ஓரம் தள்ளி விழுந்திருப்பதைப் பிழை என்று விற்பதும் தவறு. கையால் அடித்த காசுகளில் அது இயல்பு.

இந்த மேசையால் விற்பவர்கள் வருவதில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். ஏமாற்றுகிறவர் வராமல் போனால் அது சங்கத்துக்கு நட்டமில்லை என்பதே என் கருத்து. இரண்டு பள்ளி மாணவர்கள் மாதம் தவறாமல் வந்து, இப்போது அவர்களே தராசு பிடிக்கிறார்கள்.

வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. கண்காட்சியில் புகைப்படத்துக்கு நின்றவர்களில் பாதிப்பேரை அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் நான் பார்க்கவில்லை. சிலர் மூன்று ஆண்டுகளாகச் சந்தா செலுத்தவில்லை. நேரில் போனேன், கடிதம் எழுதினேன். “அடுத்த மாதம் பார்க்கலாம் சார்” என்பதுதான் கிடைத்த பதில். தராசும் லென்ஸும் என் கைப்பணத்தில் வாங்கியவை. அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கணக்கில் அந்தச் செலவு ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக முடிந்தது. சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது.

கூட்டத்துக்கு இடம் தந்த நூலகத்தாருக்கும், செயற்குழுவினருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த உறுப்பினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மேசையை மாதம் இருமுறை நடத்த விரும்புகிறேன். வீட்டில் பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த காசைக் கொண்டுவந்து கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள்; ஒருவனால் முடியவில்லை. என் கண்பார்வையும் முன்போல் இல்லை. பழகிக்கொள்ள இரண்டு பேர் முன்வந்தால் போதும். புதிய தராசு ஒன்றும் தேவைப்படுகிறது. நிலுவைச் சந்தா வந்தால் அதற்கே சரியாக இருக்கும். கூட்டம் முடிந்த பின் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே இருப்பார்.