இணைய வேகத்தில் பாரபட்சம் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தக்கலை அருகே உள்ள எங்கள் வீட்டில் இரவு 8 மணிக்கு மேல், இணைப்பு தரும் நிறுவனத்தின் சொந்தத் திரைப்படச் செயலி தடங்கலின்றி ஓடுகிறது. அதே நேரத்தில் மார்த்தாண்டத்து ஆசிரியர் ஒருவர் இணையவழி நடத்தும் கணித வகுப்போ, கரும்பலகையில் பாதிச் சமன்பாட்டோடு அசையாமல் நின்றுவிட, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பேனாவைப் பிடித்தபடி காத்திருக்கிறாள்.

இது பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் வரும் இணைய நெரிசலா, நிறுவனம் வேண்டுமென்றே செய்யும் வேகக் குறைப்பா என்பதைச் சாதாரணச் சந்தாதாரரால் எளிதில் கண்டறிய முடிவதில்லை. என் மனக்குறையே அதுதான்.

சேவைக்குச் சேவை வேறுபட்ட டேட்டா கட்டணம் வசூலிப்பதை, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2016 பிப்ரவரியில் தடை செய்தது. உள்ளடக்கத்தைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதையும் முடக்குவதையும் தடுக்கும் இணையச் சமநிலைக் கொள்கைக்கு, 2018 ஜூலையில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒப்புதல் அளித்தது. நெரிசலைச் சமாளிக்க நியாயமான, தற்காலிக நடவடிக்கைக்கு அதில் இடமுண்டு. ஆனால் அந்த விலக்கு, சொந்தச் செயலிக்கு வழிவிட்டுச் சிறு ஆசிரியரை ஓரங்கட்டும் சாக்காகிவிடக் கூடாது.

எந்த வகைச் சேவையின் வேகத்தை, எப்போது, எவ்வளவு நேரம் குறைத்தோம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் மாதந்தோறும் மாவட்ட வாரியாக வெளியிடும்படி டிராய் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.